கூட்டல் குறியும் விடுபட்ட பெயர்களும்

கணக்கிலே கூட்டல் குறிக்கு ஒரு நேர்மை உண்டு. இரண்டும் மூன்றும் ஐந்து என்று ஒருவர் சொன்னால், அந்த ஐந்தினை எவரும் விரல்விட்டு எண்ணிச் சரிபார்த்துக்கொள்ளலாம். அதே குறியை இரண்டு மனிதர்களின் பெயர்களுக்கு நடுவே நட்டு வைத்தால் விடை என்ன? அந்த விடையைச் சொல்லும் கடன், குறியை நட்டவருக்கு உண்டா, இல்லையா? உண்டு என்பதே நமது துணிபு. அக்கடனைத் தீர்க்காத ஒரு பலகையைப் பற்றியே இங்குப் பேசப் புகுகின்றோம்.

அமெரிக்க நாட்டின் பிட்ஸ்பர்க் நகரில் ஆன்டி வார்ஹால் அருங்காட்சியகம் இருக்கின்றது. ஒரே ஓவியரின் பெயரால், அவருடைய படைப்புகளுக்கென்றே 1994ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஏழு மாடிக் கட்டடம் அது. அங்கே 2024 மே 18 முதல் 2025 ஜனவரி 20 வரை ஒரு கண்காட்சி நடைபெற்றது. அதன் தலைப்பு மூன்றே உறுப்புகளால் ஆனது: ‘காஸ் + வார்ஹால்’.

வார்ஹால் 1928இல் அந்நகரிலேயே பிறந்து 1987இல் மறைந்தவர். கடையில் விற்கும் காம்ப்பெல் சூப்புத் தகரக்குவளையை, ஒரு சுவைக்கு ஒன்றாக, 32 திரைகளில் எழுதி 1962இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் வரிசையாக வைத்தார். சந்தைப் பொருளும் விளம்பரமும் சித்திரக்கதையும் திரை நடிகையர் முகமும் ஓவியத்தினுள் புகுந்த அந்த இயக்கத்துக்குப் பாப் கலை என்று பெயர் வழங்கிற்று. காஸ் என்பது 1974இல் பிறந்த பிரையன் டொனெலி என்பவர் சூட்டிக்கொண்ட பெயர். நியூயார்க் நகரப் பேருந்து நிறுத்தங்களின் விளம்பரத் தாள்களை எடுத்துச் சென்று, அவற்றின்மேல் தம் உருவங்களைத் தீட்டித் திரும்பவும் அங்கேயே மாட்டி வைத்தவர். கண்களுக்குப் பதிலாக இரு பெருக்கல் குறிகளும், மண்டையோட்டுத் தலையும், மிக்கி எலியின் உடலும் கொண்ட ‘கம்பானியன்’ என்னும் பொம்மை 1999இல் அவர் கையிலிருந்து பிறந்தது. பின்னர் அது ஆளுயரச் சிலையாயிற்று. கட்டட உயரத்துக்கும் வளர்ந்தது. 2019இல் ஹாங்காங் துறைமுகத்து நீரில் மல்லாந்து மிதந்தது. வார்ஹால் இறந்தபோது காஸுக்கு வயது பன்னிரண்டு.

இந்த இருவரும் சந்தித்ததாக அருங்காட்சியகம் சொல்லவில்லை. இருவர் படைப்பிலும் மினுக்கும் மேற்பரப்பின் அடியில் கிடக்கும் இருளையும் சாவையும் காட்டுவதே தன் நோக்கம் என்று அறிவித்தது. நோக்கம் இழிவானதன்று என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கின்றோம்.

நாம் எதை மறுக்கவில்லை

பாப் கலை என்றாலே பித்தலாட்டம் என்று கையை வீசிவிடுவோர் உளர். நாம் அக்கூட்டத்தைச் சேர்ந்தவரல்லோம். 1962 ஜூன் 3ஆம் நாள் பாரிஸ் நகரத்து ஓர்லி விமான நிலையத்தில் ஒரு விமானம் நொறுங்கிற்று. மறுநாள் நியூயார்க்கின் நாளிதழ் ஒன்று முதற்பக்கம் முழுதும் 129 பேர் மாண்டனர் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டது. வார்ஹால் அந்தப் பக்கத்தையே ஓர் ஆள் உயரத்துக்கும் மேலான ஓவியமாக்கினார். பிறகு வந்த இரண்டாண்டுகளில் கார் விபத்து, மின்சார நாற்காலி, பர்மிங்ஹாம் நகரில் கறுப்பின மக்கள்மீது காவல் நாய்கள் ஏவப்பட்ட காட்சி என்று ஒரு வரிசையே எழுதினார். ஒரே படத்தை ஒரே திரையில் பத்துமுறை அச்சடித்தார். காலையில் காப்பியோடு சாவுச் செய்தியைப் புரட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகும் நம் அனைவருடைய மரத்துப்போன மனத்தையும் அப்படங்கள் நமக்கே காட்டுகின்றன. அதைக் கலையென்று ஒப்ப நமக்குத் தயக்கமில்லை.

முன்னோர் பொருளை எடுத்தாளுவதையும் நாம் குற்றமென்று சொல்லவில்லை. சொன்னால் நமது இலக்கியத்தின் பெரும்பகுதியை நாமே இழக்க நேரும். நன்னூல், நூல்களை முதல், வழி, சார்பு என மூன்றாகப் பிரிக்கின்றது. வழிநூல் செய்தவனை அது இழித்துரைக்கவில்லை. முன்னோன் நூலின் முடிவை ஏற்றுத் தான் வேண்டும் வேறுபாட்டையும் சேர்த்து உரைக்க அவனுக்கு உரிமை தருகின்றது. ஆயின் அதே நன்னூல், ஒரு நூலின் வாயிலில் நிற்கும் சிறப்புப் பாயிரம் எவற்றைச் சொல்ல வேண்டும் என்று எட்டுச் செய்திகளை எண்ணி வைத்திருக்கின்றது. முதலாவது ஆக்கியோன் பெயர். இரண்டாவது எது தெரியுமா? வழி. இந்நூல் எங்கிருந்து வந்தது, யாரைத் தொடர்ந்தது என்பது. எல்லையும் நூற்பெயரும் பயனும் பிற யாவும் அதன் பின்னரே வரும். கம்பர் தம் காப்பிய வாயிலிலேயே வடமொழியில் இக்கதையைச் செய்தவர் மூவர் என்றும், அவருள் முதலாமவரைத் தாம் பின்பற்றுவதாகவும் சொல்லிவிட்டார். சொன்னதால் கம்பர் சிறுத்துப்போனாரா? உமறுப் புலவர் தம்மை ஆதரித்த அபுல்காசிம் மரைக்காயரைச் சீறாவினுள்ளேயே பாடி வைத்தார். பாடியதால் சீறாவின் பெருமை குறைந்ததா?

அருங்காட்சியகத்தின் வாயிற்பலகை ஒரு பாயிரம். நமது வழக்கு உள்ளே தொங்கும் படங்களோடன்று, இந்தப் பாயிரத்தோடுதான். அது ஆக்கியோர் இருவர் பெயரைச் சொல்லிற்று. வழியை விட்டுவிட்டது.

இடையில் நின்றவர்கள்

மதறஸாவில் பயின்ற காலத்தில் ஒரு செய்தியைக் கேட்குமுன் அதன் அறிவிப்பாளர் வரிசையைக் கேட்கப் பழக்கப்பட்டோம். இவர் யாரிடம் கேட்டார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தனரா என்று ஒவ்வொரு கண்ணியாகத் தட்டிப் பார்ப்பார்கள். அந்தக் கலையில் தத்லீஸ் என்று ஒரு குறை பேசப்படும். தாம் நேரில் கேளாததை நேரில் கேட்டதுபோலத் தோன்றுமாறு, இடையிலிருந்த எளியவரின் பெயரை விழுங்கிவிட்டுப் பெரியவரின் பெயரை மட்டும் சொல்லுவது அது. அவ்வாறு சொல்பவர் பொய்யெதுவும் உரைத்திருக்கமாட்டார். சொன்ன பெயர்கள் யாவும் மெய்யாகவே இருக்கும். குற்றம் முழுவதும் சொல்லாது விட்டதில் இருக்கும். கூட்டல் குறி போட்ட அந்தப் பலகையை நினைக்குந்தோறும் நமக்கு இப்பாடமே நினைவுக்கு வருகின்றது. ஆகவே கண்ணிகளைத் தட்டிப் பார்ப்போம்.

முதற்கண்ணி, பெட்டி. 1964ஆம் ஆண்டு நியூயார்க்கின் ஸ்டேபிள் காட்சிக்கூடத்தில் வார்ஹால், பாத்திரம் தேய்க்கும் பிரில்லோ நாரின் அட்டைப்பெட்டிகளைப் போலவே ஒட்டுப்பலகையில் பெட்டிகள் செய்து, உதவியாளரைக் கொண்டு எழுத்தச்சிட்டு, சரக்குக் கிடங்கைப் போல அடுக்கி வைத்தார். சரக்குக்கும் கலைக்கும் வேறுபாடு யாதென்று தத்துவ ஆசிரியர்கள் இன்றுவரை அப்பெட்டியைச் சுற்றி வந்து வாதிடுகின்றனர். அதே வகைப் பெட்டி ஒன்று 2010இல் முப்பது இலட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. நல்லது. சிவப்பும் வெள்ளையும் அலையாய் ஓடும் அந்த அழகிய பெட்டியை முதலில் வரைந்தவர் யார்? ஜேம்ஸ் ஹார்வி. வார்ஹாலைவிட ஒரே வயது இளையவர். பிழைப்புக்காகப் பகலில் பெட்டிகளுக்கு வடிவம் வரைந்து, எஞ்சிய நேரத்தில் தமக்கென அருவ ஓவியம் தீட்டிய மெய்யான ஓவியர். அவர் 1965இல், முப்பத்தைந்தைக் கடந்த இளமையிலேயே நோயால் இறந்தார். கடைக்கும் காட்சிக்கூடத்துக்கும் நடுவிலுள்ள கோட்டைத் தம் வாழ்க்கையிலேயே நாள்தோறும் கடந்த அவர் பெயர், அந்தக் கோட்டைப் பற்றிய வாதங்களில் அடிக்குறிப்பாய் நிற்கின்றது.

இரண்டாம் கண்ணி, இசைத்தட்டின் உறை. 2019 ஏப்ரல் முதல் நாள் ஹாங்காங்கில் காஸ் 2005இல் வரைந்த ஓர் ஓவியம் ஏலத்துக்கு வந்தது. அறுபதிலிருந்து எண்பது இலட்சம் ஹாங்காங் டாலர் பெறும் என மதிப்பிட்டிருந்தனர். பதினொன்றரைக் கோடிக்கு மேல், அமெரிக்கப் பணத்தில் ஏறத்தாழ 1 கோடியே 48 இலட்சம் டாலருக்குப் போயிற்று. அப்படம் என்ன? சிம்ப்ஸன்ஸ் என்னும் தொலைக்காட்சிக் கேலிச்சித்திரக் குடும்பத்தின் பேரால் 1998இல் வெளிவந்த இசைத்தட்டின் உறையை எடுத்து, அதிலுள்ளோர் கண்களிலெல்லாம் பெருக்கல் குறியிட்டது. அந்த உறை எதைக் கேலி செய்தது? 1967இல் வெளிவந்த பீட்டில்ஸ் குழுவினரின் சார்ஜன்ட் பெப்பர் இசைத்தட்டின் உறையை. அதைச் செய்தவர்கள் யார்? பீட்டர் பிளேக், ஜான் ஹாவர்த் என்னும் கணவனும் மனைவியும். இருவரும் பாப் கலைஞரே! அப்பணிக்குக் கிடைத்தது 200 பவுண்டு என்று பிளேக் சொல்லிவந்திருக்கின்றார். 1968இல் கிராமி விருது இருவர் பேருக்கும் தரப்பட்டது. ஆயினும் ஊர் வாயில் பிளேக் செய்த உறை என்றே வழங்கிற்று. மனைவியின் பெயர் அங்கேயே நழுவிவிட்டது.

வாசகர்கள் இந்த வரிசையைச் சற்று நோக்க வேண்டும். துணியும் அட்டையும் மெழுகுப் பொம்மைகளும் கொண்டு ஆளுயரத்தில் கட்டி நிறுத்திய ஒரு காட்சி; அதன் கேலி; கேலியின்மேல் ஒரு பெருக்கல் குறி. கைகள் கூடிச் செய்தது முதலாவது. கோடி கொட்டியது மூன்றாவதில். காஸ் இதனைத் திருடினார் என்று நாம் சொல்லவில்லை. மூலம் இன்னதென்று எல்லோருக்கும் தெரியவேண்டும் என்பதே அப்படத்தின் சுவை. நாம் கேட்பது இதுதான்: ஒரு பாப் கலைஞரை முந்தைய தலைமுறைப் பாப் கலைஞரோடு இணைத்துக் காட்ட வேண்டுமென்றால், மெய்யான வரிசை ஹாவர்த்திடமிருந்தும் பிளேக்கிடமிருந்தும் அன்றோ தொடங்குகின்றது? பலகையில் வார்ஹால் மட்டும் வந்து நின்றது எப்படி?

மூன்றாம் கண்ணி, புகைப்படம். லின் கோல்ட்ஸ்மித் என்னும் பெண்மணி 1981இல் பிரின்ஸ் என்னும் பாடகரைப் படமெடுத்தார். 1984இல் ஓர் இதழ் அப்படத்தை ஒருமுறை மட்டும் ஓவியர் பார்த்து வரைவதற்கென 400 டாலருக்குப் பெற்றது. பார்த்து வரைந்தவர் வார்ஹால். ஒன்று வேண்டிய இடத்தில் பதினாறு செய்தார். 2016இல் பிரின்ஸ் இறந்ததும், அப்பதினாறில் ஒன்று நினைவு மலரின் அட்டையாயிற்று. வார்ஹாலின் உடைமைகளைக் காக்கும் அறக்கட்டளைக்கு 10,250 டாலர் வந்தது. கோல்ட்ஸ்மித்துக்குப் பணமும் இல்லை, பெயரும் இல்லை. அவர் கேட்டார், அறக்கட்டளையே முந்திக்கொண்டு வழக்குத் தொடுத்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் கோல்ட்ஸ்மித் பக்கமே நின்றது. தீர்ப்பு அந்த ஓர் இதழுக்கு உரிமம் வழங்கியதை மட்டுமே தொட்டது. வார்ஹாலின் கலையையே கண்டித்துவிட்டதாக அதை ஊதிப் பெருக்குவது நேர்மையாகாது. அறக்கட்டளை வேறு, அருங்காட்சியகம் வேறு என்பதையும் மறக்கலாகாது. ஆனால் தீர்ப்பு வெளியான நாள் எது? 2023 மே 18. சரியாக ஓராண்டு கழித்து, அதே மே 18ஆம் நாள், பிட்ஸ்பர்க்கில் கூட்டல் குறி தொங்கவிடப்பட்டது. நாள் ஒத்துப்போனது தற்செயலே ஆகலாம். அந்த ஓராண்டில் ஒரு நாடே விடுபட்ட பெயரைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தது என்பது தற்செயலன்று.

எதிர்வழக்கு

இளைஞர்களை அருங்காட்சியகத்துக்குள் இழுக்க இதுவே வழி என்பர் சிலர். இளைஞரை இழுக்கக் காஸின் பெயர் போதும்; அதில் நமக்கு ஐயமில்லை. 2019இல் அவருடைய உருவம் பொறித்த யூனிக்லோ சட்டைகளுக்காகச் சீன நாட்டுக் கடைகளில், ஷட்டர் முழுதும் உயருமுன் இளைஞர்கள் அடியில் புகுந்து ஓடி ஒருவரையொருவர் இடித்துத் தள்ளினர். பெயரை ஏற்கெனவே அறிந்து வரும் பிள்ளைக்கு அதே பெயரை இன்னும் பெரிதாக எழுதிக் காட்டுவதற்கு அருங்காட்சியகம் எதற்கு? கடையே அதைச் செய்துவிடுகிறதே! அறிந்த பெயரைப் பிடித்துக்கொண்டு வந்தவனை அறியாத பெயர்களிடம் கைப்பிடித்து அழைத்துச் செல்வதன்றோ அருங்காட்சியகத்தின் வேலை? பள்ளியாசிரியர் என்ற முறையில் சொல்லுகின்றோம்: மாணவன் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டு வருவான், ஆசிரியனும் அதையே திருப்பிச் சொன்னால் அவனுக்கு எதற்குச் சம்பளம்?

பாப் கலையின் இயல்பே எடுத்தாளுதல், அதில் மூலத்தைத் தேடுவது வீண்வேலை என்பர் வேறு சிலர். இவ்வாதம் தன்னையே வீழ்த்திக்கொள்வது. எடுத்தாளுவதே அக்கலையின் உயிர் என்றால், எதை எடுத்தனர் என்பது அக்கலையைப் பற்றிய முதற்கேள்வியாக அன்றோ இருக்க வேண்டும்? நாவலாசிரியனிடம் மூலம் கேட்பது வீண் எனலாம். மொழிபெயர்ப்பாளனிடம் மூலம் கேட்காதே என்பது என்ன நியாயம்?

உள்ளே சிறு சீட்டுகளில் எல்லாப் பெயரும் எழுதலாமே, வாயிற்பலகையில் எத்தனை பெயரைத்தான் எழுதுவது என்று கேட்போரும் உண்டு. இது நியாயமான கேள்வி. எல்லாப் பெயரையும் எழுத இயலாதுதான். ஆயின் இரண்டே பெயருக்குத்தான் இடமென்றால், அந்த இரண்டினை எவ்வாறு தெரிந்தெடுத்தனர் என்று கேட்க உரிமை பிறக்கின்றது. உயிரோடிருக்கும் கலைஞரின் பெயரை, சந்தை ஏற்கெனவே உச்சியில் வைத்த மறைந்தவரின் பெயரோடு கட்டுவது எளிது. இருவருக்கும் அது இலாபம். வார்ஹால் வரைந்த மர்லின் மன்றோ முகம் ஒன்று 2022இல் 19 கோடியே 50 இலட்சம் டாலருக்கு விற்றது. இத்தகைய இரு பெயர்கள் கூடும்போது தொகை பெருகுகின்றது, அறிவு பெருகுகின்றதா? விலை உயர்ந்ததை விலை உயர்ந்ததோடு சேர்த்து அடுக்குவது நகைக்கடையின் முறை. பொது மக்களின் நம்பிக்கையின்மேல் நிற்கும் அருங்காட்சியகத்துக்கு அது முறையாகுமா?

ஒரு தாயின் கையெழுத்து

குறை சொல்வோர் மாற்றும் சொல்ல வேண்டும். இரு தலைமுறைகளை இணைக்கத்தான் வேண்டுமென்றால் பிட்ஸ்பர்க் அருங்காட்சியகம் தொலைவில் தேட வேண்டியதில்லை. அதன் வீட்டு முற்றத்திலேயே ஓர் இணை இருக்கின்றது.

வார்ஹாலின் தாய் ஜூலியா வார்ஹோலா. கார்பாத்திய மலையடியில், இன்று ஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த ஒரு சிற்றூரிலிருந்து 1921இல் கணவரைத் தேடிக் கடல் கடந்து பிட்ஸ்பர்க் வந்தவர். கணவர் மறைந்து பிள்ளைகள் வளர்ந்தபின், 1952இல் நியூயார்க் சென்று மகனோடு தங்கினார். ஏறத்தாழ இருபதாண்டுகள் அவ்வாழ்க்கை நீடித்தது. மகன் அந்நாளில் விளம்பரச் சித்திரக்காரர். தாயின் கையெழுத்து வளைந்து நெளிந்து, கொடி படர்ந்தாற்போன்ற ஓர் அழகுடையது. ஆங்கிலம் மிகுதியும் அறியாத அந்த அம்மையார், மகன் எழுதித் தந்ததை எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதினார். விளம்பரங்களிலும் நூல்களிலும் அந்தக் கையெழுத்து நின்றது. மகனுடைய கையொப்பத்தையே தாய் இட்ட படங்களும் உண்டு. பூனைகளை அவரே வரைந்த ஒரு சிறு நூல் 1957இல் வெளிவந்தது. அதில் ஆக்கியோன் பெயர் எவ்வாறு இருந்தது? ‘ஆன்டி வார்ஹாலின் தாய்’ என்று. உறவு இருந்தது, பெயர் இல்லை.

அரபு எழுத்தணியைக் கற்ற நமக்கு ஒரு கையெழுத்தின் மதிப்பு தெரியும். எழுத்தாளன் சொல்லைத் தருகின்றான். கையெழுத்தாளன் அச்சொல்லுக்கு உடம்பைத் தருகின்றான். அழகிய படிகளின் கடைசி ஏட்டில், இதனை எழுதியவர் இன்னார் என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை விட்டுவிட்டுப் படியெடுப்பதை எந்த ஆசானும் ஒப்பமாட்டார்.

பிறரின் கையால் செய்ததைத் தம் பெயரால் வெளியிடுவதையே ஒரு கலையாக்கிய மனிதர் என்று வார்ஹாலை உலகம் வியக்கின்றது. அந்தப் பழக்கத்தை அவர் எந்தத் தொழிற்சாலையில் கற்றார்? சமையலறை மேசையில், தாயின் பேனா முனையில் அல்லவா அது தொடங்கியிருக்க வேண்டும்? ஜூலியா 1972இல் பிட்ஸ்பர்க்கில் காலமானார். பதினான்கு ஆண்டுகள் கழித்து மகனை அந்நகரின் புறத்தே பெற்றோர் துயிலும் அடக்கவிடத்திலேயே கொண்டுவந்து அடக்கினர். சாவைப் பற்றியும் இரு தலைமுறைகளைப் பற்றியும் ஒரு கண்காட்சி வேண்டுமென்றால், அந்தப் புல்தரைக்கும் அருங்காட்சியகத்துக்கும் இடையே உள்ள தொலைவு ஒரு சிறு பயணந்தான்.

‘ஜூலியா + ஆன்டி’ என்று எழுதிப் பார்க்கட்டும். அல்லது ‘ஹார்வி + வார்ஹால்’. அல்லது ‘ஹாவர்த் + காஸ்’. ஒவ்வொன்றிலும் கூட்டல் குறிக்கு ஒரு விடை இருக்கும். வாங்கியவரும் கொடுத்தவரும் பக்கத்தில் பக்கமாக நிற்பர். எது எடுத்தது, எது சேர்த்தது என்று பார்ப்பவர் தாமே எண்ணிக்கொள்ளலாம். கூட்டம் குறையலாம், குறையட்டும். இரண்டு பேரறிந்த பெயர்களுக்காக வந்த பதினாயிரவர் அறியாது திரும்புவதைவிட, ஒரு மறந்த பெயரை நூற்றுவர் அறிந்து திரும்புவது மேல்.

இவ்விதழைக் குடும்பத்தோடு படிக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெருக்கல் குறிக் கண் பொம்மையைச் சட்டையில் அணிந்துகொண்டு நம் வீட்டுப் பிள்ளை ஒருநாள் வரக்கூடும். கழற்று என்று அதட்ட வேண்டா. அருகில் அழைத்து உட்கார வைத்து, “இதை வரைந்தவர் யாரப்பா?” என்று கேளுங்கள். பெயரைச் சட்டெனச் சொல்வான். “அவர் எதைப் பார்த்து வரைந்தார்? அதை வரைந்தவர் யார்?” என்று அடுத்ததையும் கேளுங்கள். அவன் திகைக்கும் இடத்தில்தான் கல்வி தொடங்குகின்றது. அருங்காட்சியகம் கேட்க மறந்த கேள்வியை நம் திண்ணையாவது கேட்கட்டும்.